பொடி எட்டாத தெரு

ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் ஆபீஸ் நம்பரிலிருந்து போன் வந்தால், பழைய ஃபைல் எதையாவது தோண்டி எடுத்துவிட்டார்களோ என்றுதான் முதலில் தோன்றும். போன வாரம் பேசியவர் பெரம்பலூர்ப் பக்கம் புதிதாக வந்திருக்கும் விரிவாக்க அலுவலர். இப்போதெல்லாம் ஊர் வரைபடத்துக்கு டிரோன் விடுகிறார்களாம். அரை மணி நேரத்தில் மாட்டுக் கொட்டகை வரைக்கும் விழுந்துவிடுகிறதாம். "நீங்கள்லாம் கோலப்பொடியில மேப் போட்டீங்களாமே சார், அது எப்புடிங்க? பயிற்சிக்கு வர்றவங்களுக்கு ஒரு கட்டுரை எழுதித் தாங்களேன்" என்றார்.

தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மூளையைக் கேட்காமல் வாய் ஒப்புக்கொள்வது எனக்குப் பழைய வியாதி. கோலப்பொடியில் ஊர் வரைபடம் போடுவது எப்படி என்று யார் வேண்டுமானாலும் அரைப் பக்கத்தில் எழுதிவிடலாம். எப்படிப் போடக் கூடாது என்று எழுத, பெரம்பலூர் அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் என்னைவிடத் தகுதியான ஆள் கிடைக்க மாட்டான்.

ஊர்நல அலுவலராகச் சேர்ந்த புதிதில் ஒரு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். மக்களோடு தரையில் உட்கார வேண்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவர் சொல்லிக்கொடுத்தார். மிச்சத்தை ஒன்றிய ஆபீஸ் சொல்லிக்கொடுத்தது. மனு கொண்டு வருகிறவனுக்குப் பின்னால் ஒருத்தன் இருப்பான். சால்வை கொண்டு வருகிறவனுக்குப் பின்னால் ஒரு டெண்டர் இருக்கும். கூட்டத்தில் ஒதுங்கி நிற்கிறவர்கள் மடியில் புகார் வைத்திருப்பார்கள், அவர்கள் கண்ணைப் பார்க்காதே, பார்த்தால் கொடுத்துவிடுவார்கள். இந்தக் கடைசிப் பாடத்தில் நான் முதல் மார்க்.

மக்களும் சந்தேகத்தில் எங்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை. ஜீப் சத்தம் கேட்டால் பாதித் தெரு வயலுக்குப் போய்விடும், மீதித் தெருவுக்கு உடம்பு சரியிருக்காது. பெரம்பலூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் கழிப்பறை சரிபார்க்கப் போனேன். கதவைத் திறந்தால் கழுத்தளவுக்குச் சின்ன வெங்காயம். நல்ல காற்றோட்டமான கட்டடம், குறை சொல்ல முடியாது. பயன்படுத்துகிறீர்களா என்று கேட்டேன். வீட்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தினம் காலையில் திறந்து பார்க்கிறோம் என்றார். 'பயன்பாட்டில் உள்ளது' என்று எழுதிக்கொண்டு வந்தேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. இன்னொரு ஊரில் ஒரே குழியில் மூன்று வருடம் மரம் நட்டோம். மூன்று போட்டோவிலும் வேப்பங்கன்று அதே உயரம். வளர்ந்திருப்பது பக்கத்தில் நிற்கும் என் தொப்பை மட்டும்.

இப்படியே சிரித்துக்கொண்டு ஓய்வு பெற்றிருக்கலாம். கடைசி வருடத்தில் அந்த ஊர் வந்தது.

அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவில் இருக்கிற ஊர். பெயர் வேண்டாம், எனக்கு இன்னும் அங்கே போக வர வேண்டியிருக்கிறது. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஊருக்கு நடுவே, பள்ளிக்கூட வாசலை உரசிக்கொண்டு போகும். கடைத்தெரு வேப்பமரங்களில் இலை எது தூசி எது என்று தெரியாது. ஊராட்சி, மகளிர் குழுக்கள், சிமென்ட் ஆலைக்காரர்கள், எங்கள் ஆபீஸ், நான்கு பேரும் சேர்ந்து ஊருக்கு ஒரு கூட்டுத் திட்டம் போடுவது என்று முடிவானது. லாரிக்கு ஊருக்கு வெளியே தனிப்பாதை, கைவிடப்பட்ட சுரங்கக் குழியில் தேங்கும் மழைநீரைச் சுத்தம் பண்ணி எல்லாத் தெருவுக்கும் குழாய், நிழல் மரம், தெருவிளக்கு. எல்லாம் எல்லாத் தெருவுக்கும் சமமாக. காகிதத்தில் நல்ல திட்டம். நிஜத்திலும் நல்ல திட்டம்தான், அதனால்தான் இதை எழுதுவதற்கு எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நான்கு பேரில் யாரும் யாரையும் நம்பவில்லை. ஆலைக்காரர் தொப்பி கொடுத்தால் குழுப் பெண்கள் அதைத் திருப்பிப் பார்த்து உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தேடுவார்கள். ஊராட்சித் தலைவர் எல்லோரையும் பார்த்துப் பொதுவாகச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. என்னை என் டிரைவரே நம்பவில்லை.

வரைபடம் போடும் நாளன்று பள்ளிக்கூட மைதானத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்தோம். முறை இதுதான். முதலில் மாரியம்மன் கோயிலுக்கு ஒரு செங்கல் வைக்க வேண்டும், திசை அதிலிருந்து வரும். செங்கல் தூளில் ரோடு. வெள்ளைக் கோலப்பொடியில் வீடு. வேப்பிலையைக் காயவைத்து இடித்த பொடியில் மரம். சொட்டு நீலம் கலந்த மணலில் குளமும் கிணறும். விளக்குக் கம்பத்துக்குக் குச்சி. வரைய வேண்டியது ஊர்க்காரர்கள். அலுவலர் ஓரமாக நின்று "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் வேலை. நான் இரண்டு முறை "அப்புறம்?" கேட்டேன். மூன்றாவதற்குப் பொறுமை இல்லாமல் பொடித்தட்டை வாங்கி நானே இறங்கிவிட்டேன். வாசலில் தினம் கோலம் போடுகிற பெண்கள் என் வளைவுகளைப் பார்த்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். சிரிப்பு வந்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.

வடக்கே கோயிலில் ஆரம்பித்து, கடைத்தெரு, பள்ளிக்கூடம், மேலத்தெரு என்று தெற்கு நோக்கிப் போட்டுக்கொண்டே வந்தேன். மைதானத்தின் தென்கோடியில் பத்திருபது பேர் கூட்டமாக நின்றார்கள். தெற்குத் தெரு ஆட்கள். ஒரு காலத்தில் நிலமில்லாத பண்ணைக் கூலிகள், இப்போது கொத்தனார், டிரைவர், ஆஸ்பத்திரி வேலை என்று பல தொழிலில் இருப்பவர்கள். பேசாமல் நின்றார்கள். மனு வைத்திருக்கிறார்கள் என்று என் முதல் மார்க் மூளை சொன்னது. நான் குனிந்த தலையை நிமிர்த்தாமல், அவர்களுக்குப் பத்தடி முன்பே பொடியை முடித்துக்கொண்டு, கையைத் தட்டிவிட்டு எழுந்தேன்.

எங்கள் ஆபீஸ் ஓவர்சியர் பள்ளிக்கூட மாடியில் ஏறி நின்று போட்டோ எடுத்தார். அதைப் பார்த்து அழகாகப் பெரிய தாளில் வரைந்தார். தெற்கே எதுவும் இல்லாத இடத்தில், வெற்றிடம் கண்ணை உறுத்தியதோ என்னவோ, 'காலி இடம்' என்று குண்டு எழுத்தில் எழுதினார். அந்தத் தெருவுக்குப் பட்டா கொடுக்கப்படவில்லை என்பதால் வருவாய்த்துறை வரைபடத்திலும் அங்கே வீடு கிடையாது, வெறும் நத்தம். கீழே 'சரிபார்த்தேன்' என்று என் கையெழுத்து. கூட்டுக் குழு கூடியது. லாரிப் பாதைக்கு யாருக்கும் தொந்தரவில்லாத இடம் தேடினார்கள். காலி இடம் காலியாகத்தானே இருக்கிறது என்று தலைவர் பொதுவாகச் சிரித்தார். சிவப்பு மையில் இரட்டைக் கோடு விழுந்தது. தீர்மானமும் ஆனது.

ஒரு மாதம் கழித்து அஞ்சலை என்றொரு பெண் ஆபீசுக்கு வந்தாள். மக்காச்சோளம் அடிக்கிற மெஷினோடு ஊர் ஊராகப் போகும் ஆட்களுக்கு அவள்தான் பொறுப்பு. இருபது பேரை வேலை வாங்கிப் பழகிய குரல், என் அறையில் அடங்கவில்லை. ஊர் மேப்பைக் காட்டச் சொன்னாள். விரித்தேன். 'காலி இடம்' என்ற எழுத்தின் மேலேயே விரலை வைத்தாள்.

"இதாங்க எங்க வூடு."

நான் எழுத்தைப் பார்த்தேன், விரலைப் பார்த்தேன். முப்பத்து நான்கு வருட அனுபவம் எனக்குள் எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வியைக் கேட்டது.

"ஏம்மா, உன்ன யாரு அனுப்புனா?"

"மஞ்சப் பெயின்ட் அனுப்புச்சு சார். எங்க வூட்டுச் செவுத்துல பெருக்கல் குறி போட்டுட்டுப் போயிருக்காங்க. பதினாலு வூட்டுலயும்."

விசாரிக்கிறேன் என்று அனுப்பிவிட்டு, உள்ளாட்சித் தேர்தலில் தோற்றவர் தூண்டிவிட்டிருக்கிறார் என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். விசாரணை அவ்வளவுதான். நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கவே இல்லை.

மேலே என்றால் எங்கள் பி.டி.ஓ. மேடம். வரைபடம் போட்டதற்குப் பிறகு வந்து சேர்ந்தவர், என்னைவிட இருபது வயது சிறியவர். ஃபைலைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார். கையெழுத்து இருக்கும் இடத்தில் ஆரம்பித்து, இது எதற்குப் போட்டது என்று முன்பக்கம் தேடிப் போவார். ஊருக்குப் போனால் ஜீப்பை எல்லையிலேயே நிறுத்திவிட்டு நடப்பார். வெயிலில் பின்னால் நடக்க வேண்டியிருந்ததாலேயே இரண்டு பேர் மாறுதல் கேட்டிருந்தார்கள். குரல் உயராது. கோபம் வந்தால் ஒரு 'சார்' கூடும், அவ்வளவுதான். ஒரு சார் என்றால் நிலைமை சாதாரணம். இரண்டு சார் என்றால் லீவு லெட்டரை எழுதி வைத்துக்கொள்ளலாம்.

என் குறிப்பைப் படித்துவிட்டு வரைபடத்தைக் கேட்கவில்லை. எதைப் பார்த்து வரைந்தார்களோ அந்தப் போட்டோவைக் கேட்டார். ஓவர்சியர் போனிலிருந்து எடுத்துக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினோம். பொடி முடிகிற இடத்துக்கு அப்பால், படத்தின் விளிம்பில், வரிசையாகக் கால்கள். செருப்புப் போட்டது, போடாதது, சிமென்ட் ஒட்டியது.

"சார், இந்தக் காலெல்லாம் யாருது சார்?"

நான் சுவரில் இருந்த கேலண்டரைப் பார்த்தேன். அன்று நல்ல நேரம் முடிந்துபோயிருந்தது.

மறுநாள் காலையிலேயே வி.ஏ.ஓ.வையும் கூட்டிக்கொண்டு போனோம். தெற்குத் தெருவில் பதினான்கு வீடும் இருந்தன, கறிவேப்பிலைச் செடியும் டிவி குடையுமாக. ஒவ்வொரு சுவரிலும் மஞ்சள் பெருக்கல் குறி. அஞ்சலை வாசலில் நின்று மேடத்தின் பையை, என் ஃபைலை, வி.ஏ.ஓ.வின் சுருட்டிய வரைபடத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். உட்காரச் சொல்லவில்லை. அன்று ஏன் அங்கே போய் நின்றீர்கள், கொஞ்சம் விலகியிருந்தால் சார் வரைந்திருப்பாரே என்று மேடம்தான் கேட்டார்.

"கோயிலு அங்கன்னா எங்க தெரு இங்கதானே வரும்னு பாத்து, அங்க போயி நின்னோம். அவுங்கவுங்க வூடு இருக்குற எடத்துலதான் நின்னோம். பொடி வந்தா வெலகிக்கலாம்னு இருந்தோம்ங்க." என்னைப் பார்க்காமலே சொன்னாள். "வரல."

 

அங்கிருந்து கிழக்கே நடந்தோம். வி.ஏ.ஓ. வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். அதில் ஊருக்குக் கிழக்கே அகலமான பழைய வண்டிப்பாதை ஒன்று அரசு நிலமாக இருந்தது. நேரில் அது பருத்திக் காடாக இருந்தது. தலைவருடைய அண்ணனின் பருத்தி, நல்ல செழிப்பு. வீடு ஒன்றுகூட இல்லை. லாரிப் பாதைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இடம். தலைவர் ஏன் தெற்கே பார்த்துச் சிரித்தார் என்பது எனக்கு அங்கே விளங்கியது. பருத்தி விஷயம் அந்தக் குழுவில் இருந்த பாதிப் பேருக்குத் தெரியும். எனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம், நான் எல்லோரையும் ஒரே அளவில் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்ததுதான்.

திரும்பும்போது ஜீப்பில் பிரச்சினை என்னவென்று பிரிந்து தெரிந்தது. பழைய தீர்மானத்தை மாற்ற வேண்டுமென்றால் வரும் கிராம சபையில் புதுத் தீர்மானம் வேண்டும். அதற்குத் தேவையான ஆள் கணக்கு வேண்டும், தலைவர் பக்கத்து ஆட்கள் எழுந்து போய்விட்டால் தெற்குத் தெரு கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். அதைவிட முக்கியமாக, அது மக்களே போட்ட வரைபடம் என்று தலைவர் சொல்வார். இல்லை, தப்பு என்று பதிவேட்டில் எழுதக்கூடியவன், அதைச் சரிபார்த்தேன் என்று கையெழுத்துப் போட்ட நான் ஒருவன்தான். எனக்கு ஓய்வுக்கு ஏழு மாதம் இருந்தது. அந்த நேரத்தில் பெரிய தண்டனைக்கான பதினேழு பி குற்றச்சாட்டு வந்தால் ஓய்வு பெறவே விட மாட்டார்கள், பென்ஷன் நடுவழியில் நிற்கும். வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஓவர்சியர் கவனக்குறைவு என்று எழுதிவிடலாமா என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

"அவரு போட்டோவுல இருந்தத வரைஞ்சாரு சார்" என்றார் மேடம். அதற்கப்புறம் பெரம்பலூர் வரும் வரைக்கும் வேறு ஃபைல் பார்த்துக்கொண்டு வந்தார். எழுது என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மேடம் மிரட்டினார் என்று எனக்கு ஒரு சமாதானம் கிடைத்திருக்கும்.

கிராம சபை அன்று நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். தலைவர் எழுந்து, இது மக்களே கையால் போட்ட வரைபடம், இதை மாற்றுவது மக்களை அவமதிப்பது என்று கிட்டத்தட்ட அழுதார். பிறகு அவர் துண்டை உதறினார். கடைத்தெரு ஆட்கள் பத்துப் பத்துப் பேராக எழுந்து டீக்கடைப் பக்கம் நகர்ந்தார்கள். ஆள் கணக்கு குறைந்துபோனது. மேடம் வருகைப் பதிவேட்டைத் தெற்குத் தெரு பக்கம் நகர்த்தச் சொன்னார். நான் கொண்டுபோனேன். ஒருவரும் பேனாவைத் தொடவில்லை.

"எங்கப்பா ஒரு தடவ இந்த மாதிரி கூட்டத்துக்கு வந்ததுக்குன்னு ரேகை வச்சாரு சார்" என்றாள் அஞ்சலை. "ஊரே சம்மதிச்சுதுன்னு அதுக்கு மேல எழுதிக்கிட்டாங்க. மொதல்ல நீங்க எழுதுங்க. மேப்பு எப்புடித் தப்பாச்சுன்னு. எழுதிக் கையெழுத்துப் போடுங்க, அப்பறம் நாங்க போடுறோம்."

"நம்பும்மா, எழுதிருவோம்" என்றேன்.

"நம்பித்தான் அன்னைக்கு நின்னோம்."

தீர்மானப் புத்தகம் என் மடிக்கு வந்தது. மேடம் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.  என் பெண்ணின் முகம் ஞாபகம் வந்தது, மஞ்சள் பெருக்கல் குறியும் ஞாபகம் வந்தது. நான் தைரியசாலி இல்லை. எழுதாமல் எழுந்தால் நூறு பேர் நடுவே எந்தப் பக்கமாக நடப்பது என்று தெரியாததும் ஒரு காரணம். எழுதினேன். கூட்டுத் திட்ட வரைபடத்தில் தெற்குத் தெருவின் பதினான்கு வீடுகளை நான் வரையாமல் விட்டேன், அங்கே நின்ற மக்களைக் கேட்கவும் இல்லை, இது என் தவறு, இதன்பேரில் போட்ட பாதையும் தவறு.

உரக்கப் படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"கேக்கலன்னு எழுதிட்டீங்க. பாக்கலன்னும் எழுதுங்க."

அதை எப்படித் தீர்மானத்தில் எழுதுவது என்று மேடத்தைப் பார்த்தேன். எழுதுங்க சார், என்றார். ஒரு சார். 'அவர்களைப் பார்க்கவும் இல்லை' என்று சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன். அதன் கீழே லாரிப் பாதையைப் பழைய வண்டிப்பாதைக்கு மாற்றும் தீர்மானத்தை மேடம் தன் கையாலேயே எழுதினார். எழுதி முடித்ததும் பக்கத்தில் மிச்சமிருந்த வெற்று இடத்தில் மூலைக்கு மூலை கோடு இழுத்து அடைத்தார், பின்னால் யாரும் எதையும் நுழைக்க முடியாதபடி. அஞ்சலை அந்தக் கோட்டைத்தான் ரொம்ப நேரம் பார்த்தாள். போனில் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டாள். பிறகு பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தன் முழுப்பெயரையும் எழுதினாள். அவளுக்குப் பின்னால் தெரு முழுக்க எழுந்து வந்தது. டீக்கடைக்குப் போயிருந்தவர்களில் சில பெண்கள் டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். அவர்கள் பிள்ளைகளும் அந்த லாரிகளுக்கு நடுவேதான் பள்ளிக்கூடம் போகிறார்கள். கணக்கு நிறைந்தது. தலைவரும் கடைசியில் கையெழுத்துப் போட்டார், சிரிக்காமல்.

எனக்கு மெமோ வந்தது. பதினேழு பி இல்லை, சின்னத் தண்டனையோடு முடிகிற பதினேழு ஏ. மேடம் என்ன எழுதினாரோ தெரியாது. எச்சரித்து விட்டார்கள். லாரிகள் இப்போது கிழக்கே போகின்றன. பருத்தி மட்டும் ஓரத்தில் இன்னும் ஒரு வரிசை எட்டிப் பார்க்கிறது, வருடத்துக்கு ஒரு முழம் முன்னேறும் என்பது என் கணிப்பு. சுரங்கக் குழித் தண்ணீருக்குக் குழாய் எல்லாத் தெருவுக்கும் வந்தது, தண்ணீர் வாரத்துக்கு இரண்டு முறை வருகிறது. தெற்குத் தெருவுக்குப் பட்டா கேட்டு மனு போயிருக்கிறது. போயிருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

போன தை மாதம் பெண்ணின் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தேன், என் பையைப் பார்த்ததும் இரண்டு வாசலில் ஆட்கள் எழுந்து நின்றார்கள். அஞ்சலை மெஷின் பெல்ட்டைத் துடைத்துக்கொண்டே வந்தாள். என்ன காகிதம் என்று கேட்டாள். பத்திரிகையை நீட்டினேன். வாங்கவில்லை, படிக்கச் சொன்னாள். வெயிலில் நின்றுகொண்டு, மாப்பிள்ளையின் தாத்தா பெயரிலிருந்து மண்டபத்துக்கு வழி வரைக்கும் படித்தேன். பின்பக்கத்தையும் திருப்பிக் காட்டச் சொன்னாள், காட்டினேன். போனை எடுத்து இரண்டு பக்கத்தையும் போட்டோ பிடித்தாள். தெரு நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

"கையெழுத்து எதுவும் போட வேணாம்ல சார்?"

"வேணாம்மா."

"அப்ப வரோம்."